உஜ்ஜல் தோசாஞ்: மர ஆலைத் தொழிலாளி, வழக்கறிஞர், அமைச்சர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் இந்திய வம்சாவளி அரசியல்வாதிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் உஜ்ஜல் தோசாஞ் பெயர் வராமல் போகாது. அவரைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். அவர் வகித்த பதவிகளைவிட, ஒரு பொது மனிதராக அவர் எடுத்த நிலைப்பாடுகள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. அதனால் சில பதில்கள் நீளமாக இருக்கும்.

யார் இந்த உஜ்ஜல் தோசாஞ்?

பஞ்சாபில் ஜலந்தர் மாவட்டத்தின் தோசாஞ் கலான் கிராமத்தில், இந்தியா சுதந்திரம் பெறுவதற்குச் சற்று முன்பு பிறந்தவர். இங்கிலாந்து வழியாக 1968-இல் கனடா போய்ச் சேர்ந்தார். மர ஆலையில் வேலை பார்த்தார், சட்டம் படித்தார், வான்கூவரில் வழக்கறிஞரானார். 1995-இல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் அட்டர்னி ஜெனரல் (சட்டத் துறை அமைச்சர்), 2000-இல் அந்த மாகாணத்தின் முதல்வர், 2004-இல் கனடாவின் மத்திய சுகாதார அமைச்சர். கனடாவில் ஒரு மாகாணத்துக்கு முதல்வரான முதல் இந்திய வம்சாவளியினர் இவர்தான்.

புலம்பெயர்ந்த ஒருவர் அமைச்சராவது அங்கே அவ்வளவு பெரிய விஷயமா?

பிரிட்டிஷ் கொலம்பியாவின் பழைய கதை தெரிந்தால் இந்தக் கேள்வி வராது. 1914 மே மாதம் கோமகட்டா மாரு என்ற கப்பல் 376 பயணிகளோடு வான்கூவர் துறைமுகத்துக்கு வந்தது. பெரும்பாலானோர் பஞ்சாப் சீக்கியர்கள். அவர்களும் பிரிட்டிஷ் பேரரசின் குடிமக்கள்தான், கனடாவும் அதே பேரரசின் பகுதிதான். ஆனாலும் இரண்டு மாதம் கரையேற விடாமல் கப்பலிலேயே வைத்திருந்து, ஏற்கெனவே கனடாவில் வசித்தவர்கள் உட்பட இருபத்து சொச்சம் பேரை மட்டும் அனுமதித்துவிட்டு, மற்றவர்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

ஏற்கெனவே அங்கே குடியேறியிருந்த இந்தியர்களின் நிலை மட்டும் என்ன வாழ்ந்தது? அவர்களுக்கும் சீனர்களுக்கும் 1947 வரை மாகாணத் தேர்தலில் வாக்குரிமை கிடையாது. இதில் பலரும் கவனிக்காத ஒரு சங்கதி இருக்கிறது. சட்டத் தொழிலுக்கும் மருந்தாளர் தொழிலுக்கும் வருகிறவர்களின் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும் என்ற விதி அப்போது நடைமுறையில் இருந்தது. வாக்கு இல்லாதவர் வழக்கறிஞராகவும் முடியாது. எவ்வளவு படித்தாலும் சரி, கதவு மூடித்தான் கிடந்தது.

தோசாஞ் பிறந்த காலமும் அந்தக் கதவு திறந்த காலமும் ஏறக்குறைய ஒன்று. அதே மாகாணத்தின் சட்டத் துறை முழுவதும் அரை நூற்றாண்டுக்குள் அவர் பொறுப்பில் வந்தது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சிலிர்ப்பு தரும் விஷயம் இது.

இளமைக் காலம் எப்படி இருந்தது?

தாய்வழித் தாத்தா மூலா சிங் பெயின்ஸ் சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். வீட்டில் எப்போதும் அரசியல் பேச்சுதான். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த பையனுக்கு அரசியல் ஆசை ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. அப்பாவோ மகனை டாக்டராக்க வேண்டும் என்று நினைத்தார்.

1964-இல், இருபது வயதுகூட ஆகாத நிலையில், இங்கிலாந்து போனார். டெர்பியில் ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் ஷண்டிங் வேலை. பிறகு வண்ணக் கிரேயான் செய்யும் தொழிற்சாலை, ஒரு பள்ளியின் ஆய்வகத்தில் உதவியாளர், லண்டனில் ஒரு பஞ்சாபிப் பத்திரிகையில் துணையாசிரியர் என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார். மூன்றரை ஆண்டுகள் இப்படியே ஓடின. அப்புறம் வான்கூவரில் இருந்த அத்தையின் வீட்டுக்குக் குடிபெயர்ந்தார்.

சட்டம் படிக்க எப்படி வாய்ப்பு வந்தது?

முதுகு அடிபட்டதால்தான். அந்தக் காலத்தில் வான்கூவருக்கு வரும் பஞ்சாபிகளுக்கு முதல் வேலை மர ஆலையில்தான் கிடைக்கும். பலருக்குக் கடைசி வேலையும் அதுதான். தோசாஞ்சும் பகலில் பலகை தூக்கினார், மாலையில் கல்லூரி வகுப்புக்குப் போனார். வேலையில் முதுகில் காயம் பட்டு அறுவை சிகிச்சை வரை போனது. இனி உடல் உழைப்பு முடியாது என்ற நிலையில் முழுநேர மாணவரானார். சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல், அடுத்து பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம். 1977-இல் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். 1979-இல் சொந்த அலுவலகம் திறந்தார்.

இதை அதிர்ஷ்டக் கதையாகச் சொல்வது எனக்குப் பிடிக்காது. ஆலையில் முதுகு உடைந்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்திருப்பார்கள். இவர் ஏற்கெனவே இரவு வகுப்புகளில் உட்கார்ந்திருந்தார், தங்க உறவினர் வீடு இருந்தது, பல்கலைக்கழகக் கட்டணம் எட்டக்கூடியதாக இருந்தது. இவ்வளவும் சேர்ந்தால்தான் ஒருவர் மேலே வர முடிகிறது.

வழக்கறிஞராக என்ன மாதிரி வழக்குகள் நடத்தினார்?

குடும்ப வழக்குகளும் விபத்து இழப்பீட்டு வழக்குகளும்தான் அன்றாடத் தொழில். ஆனால் அவர் பெயரை ஊரில் நிலைநாட்டியது, பண்ணைத் தொழிலாளர்களுக்காகச் செய்த வேலை.

வான்கூவருக்குக் கிழக்கே ஃபிரேசர் பள்ளத்தாக்கில் பெர்ரிப் பழத் தோட்டங்கள் அதிகம். பழம் பறிக்க வந்தவர்களில் பெரும்பகுதி பஞ்சாபி முதியவர்களும் பெண்களும். மகனோ மகளோ ஸ்பான்சர் செய்து வரவழைத்த பெற்றோர்கள். ஆங்கிலம் தெரியாது. விடியற்காலையில் ஒப்பந்தக்காரரின் வேன் வந்து நெருக்கியடித்து ஏற்றிக்கொண்டு போகும். கூலி நாள் கணக்கில் கிடையாது, பறித்த எடைக்குத்தான். அதிலும் ஒப்பந்தக்காரர் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் தருவார். மீதியும் பல இடங்களில் பருவம் முடிந்த பிறகுதான் கைக்கு வரும். தராமல் இழுத்தடித்தால் கேட்க நாதியில்லை, ஏனென்றால் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்களின் முக்கியப் பிரிவுகள் பண்ணை வேலைக்குப் பொருந்தாது என்றே விலக்கி வைத்திருந்தார்கள்.

இந்த மக்களுக்குச் சட்டத் தகவல் சொல்லும் சேவையைத் தொடங்கியவர்களில் தோசாஞ் ஒருவர். இந்த முயற்சிகளின் தொடர்ச்சியாக 1980-இல் கனடியப் பண்ணைத் தொழிலாளர் சங்கம் உருவானது. அதன் முதல் தலைவர் ராஜ் சவுகான் பின்னாளில் மாகாண சட்டமன்றத்தின் சபாநாயகரானார்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஒப்பந்தக்காரர்களில் பெரும்பாலோரும் பஞ்சாபிகள்தான். சுரண்டியவரும் நம்மவர், சுரண்டப்பட்டவரும் நம்மவர். “வெள்ளைக்காரன் முன்னால் நம் மானம் போகிறதே” என்று வாயை மூடிக்கொள்வது சுலபம். அவர் அப்படிச் செய்யவில்லை. பின்னால் வந்த பெரிய சோதனைக்கு இதுதான் ஒத்திகை என்று எனக்குத் தோன்றும்.

1985-இல் அவர் தாக்கப்பட்டது ஏன்?

1984-ஐ நினைவில் கொள்ளாமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது. ஜூன் மாதம் பொற்கோயிலுக்குள் இந்திய ராணுவம் நுழைந்தது. அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி தன் சீக்கிய மெய்க்காப்பாளர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த சில நாட்களில் டெல்லியிலும் பிற இடங்களிலும் ஆயிரக்கணக்கான சீக்கியர்கள் கொன்று குவிக்கப்பட்டனர். வான்கூவர் பஞ்சாபிகள் ஒவ்வொரு வீட்டிலும் ஆத்திரமும் துயரமும் கொதித்தன. அந்தக் கொதிப்பில், சீக்கியர்களுக்குத் தனி நாடு கேட்கும் காலிஸ்தான் கோரிக்கையோடு வன்முறையைத் தூண்டும் குரல்களும் வலுத்தன.

தோசாஞ் அந்தக் குரல்களை வெளிப்படையாகக் கண்டித்தார். மிரட்டல்கள் வந்தன. 1985 பிப்ரவரி 8 அன்று, அலுவலகத்தை விட்டுக் கிளம்பிக் கார் நிறுத்துமிடத்துக்கு வந்தவரை ஓர் ஆள் இரும்புத் தடியால் தலையில் திரும்பத் திரும்ப அடித்தான். கை எலும்பு முறிந்தது. தலையில் சுமார் 80 தையல் போட்டார்கள்.

குற்றம் சாட்டப்பட்டவர் நீதிமன்றத்தில் விடுதலையானார். அதற்குப் பிறகும் தோசாஞ் பேசுவதை நிறுத்தவில்லை, வழக்கறிஞர் தொழிலையும் விடவில்லை. தனக்கு நியாயம் தராத நீதிமன்றத்தின் மீது நம்பிக்கை இழக்காமல், பத்தாண்டு கழித்து அதே மாகாணத்தின் சட்டத் துறைக்கே தலைவரானார்.

தாக்குதல் நடந்து ஐந்தே மாதத்துக்குள், ஜூன் 23 அன்று, கனடாவிலிருந்து புறப்பட்ட ஏர் இந்தியா 182 விமானம் அயர்லாந்துக் கடலோரத்துக்கு அப்பால் குண்டு வெடித்துச் சிதறி 329 பேர் இறந்தார்கள். வன்முறையைப் பற்றி அவர் எச்சரித்தது வீண் பயம் இல்லை என்பதை ஒரு தேசம் இப்படித் தெரிந்துகொண்டது.

அப்படியானால் அவர் சீக்கியர்களுக்கு எதிரானவரா?

இல்லை. அவரே சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர். 1984 படுகொலைகளுக்கு நியாயம் கேட்பதும், அதன் பெயரால் அப்பாவிகளைக் கொல்வதை எதிர்ப்பதும் ஒரே மனிதரால் முடியும். அவரைத் துரோகி என்று திட்டியவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்க்க மறுத்தார்கள்.

இது பழைய கதையாக முடிந்துவிடவும் இல்லை. தீவிரவாதத்தைக் கண்டித்து எழுதிவந்த பத்திரிகையாளர் தாரா சிங் ஹாயர் 1998 நவம்பரில் வான்கூவரை அடுத்த சர்ரே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1999 டிசம்பரில் தோசாஞ்சின் தொகுதி அலுவலகத்துக்குள் புகுந்து எரியும் பெட்ரோல் குண்டை வைத்துவிட்டுப் போனார்கள். 2010-இல்கூட, சர்ரேயில் நடக்கும் வைசாகி என்ற சீக்கியத் திருவிழா ஊர்வலத்துக்கு வருவதாக இருந்தால் சொந்தப் பாதுகாப்போடுதான் வர வேண்டும் என்று ஏற்பாட்டாளர் ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். அப்போது தோசாஞ் பதவியில் இருந்த நாடாளுமன்ற உறுப்பினர்.

தேர்தல் அரசியலுக்கு எப்போது வந்தார்?

இடதுசாரிச் சாய்வுள்ள புதிய ஜனநாயகக் கட்சி சார்பில் மாகாணத் தேர்தலில் 1979-லும் 1983-லும் நின்று தோற்றார். 1991-இல் வான்கூவர்-கென்சிங்டன் தொகுதியில் ஜெயித்தார்.

அட்டர்னி ஜெனரல் பதவியில் என்ன செய்தார்?

மாகாண அட்டர்னி ஜெனரல் ஓர் அமைச்சர், அதே நேரம் அரசின் தலைமைச் சட்ட அதிகாரி. அமைச்சர் என்ற முறையில் முதல்வருக்குக் கட்டுப்பட்டவர், சட்ட அதிகாரி என்ற முறையில் யாருக்கும் கட்டுப்படாதவர். இரண்டு தொப்பியும் ஒரே தலையில்.

1995 ஆகஸ்டில் பதவியேற்ற கையோடு கஸ்டஃப்சன் ஏரி நெருக்கடி வந்து நின்றது. பூர்வகுடியினரும் அவர்களது ஆதரவாளர்களுமாக ஒரு குழு, சூரிய நடனச் சடங்கு நடந்த நிலத்தை விட்டு வெளியேற மறுத்தது. நூற்றுக்கணக்கான போலீஸார் சுற்றி வளைத்தனர், துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு மாதம் நீடித்த முற்றுகை உயிர்ப்பலி இல்லாமல் செப்டம்பரில் முடிந்தது. இதைக் குற்றவியல் விவகாரமாக மட்டும் பார்த்து தோசாஞ் கடுமையாக நடந்துகொண்டார் என்ற விமர்சனம் இன்றும் உண்டு. பொது விசாரணை வேண்டும் என்ற கோரிக்கையும் ஓயவில்லை. நில உரிமைக் கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டுச் சட்டம் ஒழுங்கு மட்டும் பேசியது அவருடைய பலவீனமான பக்கம் என்றே நான் நினைக்கிறேன்.

அவர் காலத்தில் நடந்த நல்ல மாற்றம், 1997-இல் குடும்ப உறவுச் சட்டத்தைத் திருத்தி, ஜீவனாம்சம், குழந்தைப் பராமரிப்பு போன்றவற்றில் ஒரே பாலின இணையரையும் வாழ்க்கைத் துணையாக ஏற்றது. தன் சமூகத்தின் பழமைவாதிகளிடம் இது ஓட்டு வாங்கித் தராது என்று தெரிந்தே செய்தார்.

சொந்தக் கட்சி முதல்வரைக் காட்டிக்கொடுத்தார் என்கிறார்களே?

முதல்வர் கிளென் கிளார்க் ஒரு சூதாட்ட விடுதி உரிமம் தொடர்பாகக் குற்றப் புலனாய்வில் இருக்கிறார் என்பதை 1999 ஆகஸ்ட் 20 அன்று மக்களுக்கு அறிவித்தவர் தோசாஞ். மறுநாள் கிளார்க் ராஜினாமா செய்தார். 2002-இல் நீதிமன்றம் கிளார்க்கை விடுவித்தது.

ஆறு மாதத்தில் அந்த நாற்காலியில் தோசாஞ் உட்கார்ந்ததால் சந்தேகம் எழுந்தது இயல்புதான். ஆனால் வேறு என்ன செய்திருக்க முடியும்? மாகாணத்தின் முதல்வர் மீது புலனாய்வு நடப்பது தெரிந்தும் அட்டர்னி ஜெனரல் மூடி மறைத்திருந்தால், இரண்டு தொப்பிகளில் சட்டத் தொப்பியைக் கழற்றி எறிந்ததாக ஆகியிருக்கும். அறிவித்தது சரி என்பதே என் கருத்து.

முதல்வரான அடுத்த ஆண்டே கட்சி இரண்டு இடங்களுக்குச் சுருங்கியது எப்படி?

அவர் பொறுப்பேற்றபோதே கப்பல் பாதி மூழ்கியிருந்தது. இந்த விஷயத்தில் நிஜமாகவே கப்பல்கள்தான் பிரச்சினை. அவர் கட்சியின் முந்தைய ஆட்சி கட்டிய மூன்று அதிவேகப் படகுகளுக்கு முதலில் போட்ட கணக்கு 21 கோடி டாலர். முடிந்தபோது சுமார் 45 கோடி டாலர் செலவாகியிருந்தது, அப்படியும் உருப்படியாக ஓடவில்லை. தோசாஞ் அவற்றை விற்க முடிவு செய்தார். 2003-இல், அடுத்த ஆட்சியில், மூன்றும் சேர்ந்து சுமார் 2 கோடி டாலருக்குத்தான் ஏலம் போயின. மக்களின் கோபம் எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

2001 மே 16 தேர்தலில் மொத்தம் 79 இடங்களில் மாகாண லிபரல்கள் 77-ஐ அள்ளினார்கள். தோசாஞ் தன் தொகுதியையும் இழந்தார். வாக்குப்பதிவுக்குச் சுமார் ஒரு வாரம் முன்பே தோல்வி உறுதி என்று ஒப்புக்கொண்டு, ஒரு வலுவான எதிர்க்கட்சிக்காவது வாக்களியுங்கள் என்று கேட்டார். தனிப்பட்ட முறையில் அவர் மேல் மக்களுக்கு வெறுப்பு இருந்ததாகத் தெரியவில்லை.

பிறகு ஏன் கட்சி மாறினார்?

2004-இல் பிரதமர் பால் மார்ட்டின் அழைத்தார். மத்திய லிபரல் கட்சியில் (மாகாண லிபரல்களிலிருந்து தனியான கட்சி) சேர்ந்து வான்கூவர் சவுத் தொகுதியில் ஜெயித்து, ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சரானார். பழைய தோழர்களுக்கு இது கசந்தது. கொள்கை மாற்றமா, மேடை மாற்றமா என்று கேட்டால், அமைச்சராக அவர் பொது மருத்துவத்தின் பக்கமே நின்றதை வைத்து மேடை மாற்றம் என்பேன்.

சுகாதார அமைச்சராக என்ன நடந்தது?

2004 செப்டம்பரில் மத்திய அரசும் மாகாணங்களும் பத்தாண்டு ஒப்பந்தம் போட்டன. மாகாண மருத்துவச் செலவுக்குக் கூடுதலாக சுமார் 4,100 கோடி டாலர். அறுவை சிகிச்சைக்கும் பரிசோதனைக்கும் மாதக்கணக்கில் காத்திருக்கும் நிலையைக் குறைப்பதே முக்கிய நோக்கம். இணைய மருந்துக் கடைகள் வழியாகக் கனடாவின் மலிவு மருந்துகள் அமெரிக்காவுக்குப் போவதையும் கட்டுப்படுத்தப் பார்த்தார். சொந்த மக்களுக்குத் தட்டுப்பாடு வந்துவிடும் என்பது அவர் வாதம்.

2005 இறுதியில் சிறுபான்மை அரசு ஆட்டம் கண்டபோது, ஆதரவு தொடர வேண்டுமானால் தனியார் மருத்துவத்தைத் தடுக்க உறுதி கொடுங்கள் என்று கேட்டது அவருடைய பழைய கட்சிதான். பேச்சுவார்த்தை தோற்றது, நவம்பரில் அரசு கவிழ்ந்தது. 2006 பிப்ரவரியில் அவரது அமைச்சர் பதவியும் முடிந்தது. 2008-இல் மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில், மறு எண்ணிக்கைக்குப் பிறகு ஜெயித்தார். 2011-இல் தோற்றார். 2016-இல் தன்வரலாறு வெளியிட்டார்.

வெளிநாட்டில் பிறந்தவர் கனடாவில் அமைச்சராகத் தடை ஏதும் இல்லையா?

இல்லை. குடியுரிமை இருந்தால் போதும், பிரதமராகவும் ஆகலாம்.

வெளிநாட்டில் சட்டம் படித்துவிட்டுப் போனால் அங்கே வழக்கறிஞராகலாமா?

ஆகலாம், நேராக அல்ல. பட்டத்தை மதிப்பிட தேசிய அங்கீகாரக் குழு என்று ஒன்று இருக்கிறது. அது சொல்லும் பாடங்களில் தேர்வெழுதித் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அதன்பின் மாகாண வழக்கறிஞர் அமைப்பின் விதிப்படி பயிற்சிக் காலமும் தேர்வும் உண்டு. தோசாஞ் கனடாவிலேயே படித்ததால் அவருக்கு முதல் படி தேவைப்படவில்லை.

தமிழர்களில் இப்படி யாராவது?

கேரி ஆனந்தசங்கரி. யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிறுவயதில் கனடா போய், டொரன்டோவில் வழக்கறிஞரானவர். 2015-இல் ஸ்கார்பரோ-ரூஜ் பார்க் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். 2023-இல் பூர்வகுடியினருடனான அரசு உறவுகளுக்கான அமைச்சர், 2025 மார்ச்சில் நீதித்துறை அமைச்சரும் அட்டர்னி ஜெனரலும், அதே ஆண்டு மே மாதம் பொதுப் பாதுகாப்பு அமைச்சர். தோசாஞ் மாகாணத்தில் வகித்த அட்டர்னி ஜெனரல் பொறுப்பை இவர் மத்திய அரசில் வகித்தார்.